காய்ச்சலோடு பிதற்றலா? காலம் தாழ்த்தாதீர்கள்!



"ஏனுங்க, புள்ளைக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சுங்களா?" பல ஆண்டுகளுக்கு முன், காவிரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். பெண்ணுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பெற்ற தாயையே யாரென்று கேட்டது. இல்லாத ஆளோடு பேசியது. சோறு ஊட்டிய கையைக் கடித்தது. மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு நாள் போயிற்று. பிறகு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு பாடம் ஏறவே இல்லை.

அது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல, மூளைக் காய்ச்சல். நினைவு, பேச்சு, கோபம், பயம் எல்லாவற்றையும் ஆள்வது மூளை. கிருமி தாக்கி அது வீங்கினால் புத்தி தடுமாறத்தானே செய்யும்?

கிருமிகள் பலவகை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலில் 1955-இல் வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. பன்றியிலும் கொக்கு போன்ற நீர்ப்பறவைகளிலும் இருக்கும் இக்கிருமியை, நெல் வயலில் பெருகும் கொசு நமக்குக் கொண்டு வருகிறது. காசநோய்க் கிருமியோ மெதுவாக வேலை செய்யும். பல நாள் தலைவலி, இளங்காய்ச்சல், எரிச்சல், மந்தம், பிறகே மயக்கம்.

காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவற்றோடு பிதற்றல், ஆள் தெரியாமை, ஓயாத தூக்கம், வலிப்பு கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள்.

"முதுகுல தண்ணி எடுத்தாக் கால் வெளங்காதுங்க" என்பது வீண் பயம். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் ஊசி போடுகிறார்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அந்த நீர் வேண்டும். சில கிருமிகளுக்கு நல்ல மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன்.

வருமுன் காப்பது நம் கையில். பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடுங்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் தடுப்பூசி அளிக்கப்படும் பகுதிகளில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்திற்குள் மற்றொன்று. கொசுவலை கட்டுங்கள். பன்றிப் பட்டி வீட்டுக்குத் தள்ளியே இருக்கட்டும்.

கணவன் தோட்டத்திலிருந்து வரட்டும், மாமியார் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருவரும் இன்றே பேசி வையுங்கள். மகுடேசுவரரை வேண்டிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.