பத்திரத்தில் ஒரு சொல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்க விதிமுறைப் புத்தகத்தைத் திருத்தி மறுபடியும் அச்சிடப் போவதாகச் செயலாளர் சொன்னார். கடைசியில் இரண்டு பக்கம் அருஞ்சொற்பொருள் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றேன். "அப்படியானால் அதைப் பற்றி நீங்களே பத்து நிமிடம் பேசிவிடுங்கள்" என்று என்னை மாட்டிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். என் பெரியம்மாவுக்கு அவருடைய மாமனார் ஒரு வீட்டை எழுதி வைத்திருந்தார். "ஆயுள் பரியந்தம் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து" என்று பத்திரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கு என்றும் எழுதியிருந்தது. "சர்வ சுதந்திரமாய்" என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. "பரியந்தம்" என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பல வருடம் கழித்து மகளின் அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. பெரியம்மா வீட்டை விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டார். வாங்க வந்தவரின் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "அம்மா, கடைசிவரை நீங்கள் இந்த வீட்டில் இருக்கலாம். ஆனால் நீங்களாக விற்க முடியாது" என்றார். பரியந்தம் என்றால் "வரை". ஆயுள் உள்ள வரை அனுபவிக்கும் உரிமை மட்டுமே அவருக்கு. விற்கும் உரிமையும் கொடுத்திருந்தால் பழைய பத்திரங்களில் "தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று எழுதுவார்கள். தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை உண்டு என்று அர்த்தம். இந்தப் பத்திரத்தில் அது இல்லை. முன்பணம் அதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டது. பெரியம்மா நகைகளை அடகு வைத்துத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் பட்டதாரிகள் நாலு பேர். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதற்குத்தான் அகராதி இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். அகராதி வேறு, அருஞ்சொற்பொருள் வேறு. ஒரு சொல்லுக்கு உலகத்தில் உள்ள பொருள்களையெல்லாம் அகராதி சொல்லும். உங்கள் கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தில், இந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை அருஞ்சொற்பொருள் சொல்லும். "வில்லங்கம்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் "அவன் வில்லங்கமான ஆள்" என்போம். பத்திரப் பதிவில் வில்லங்கம் என்றால் அடமானம் போல ஒரு சொத்தின் மேல் இருக்கும் பொறுப்பு. நாம் கேட்ட காலத்துக்குள், பதிவான விவரங்களைத்தான் வில்லங்கச் சான்றிதழ் காட்டும். பதிவு செய்யாத வாய்ப்பேச்சு ஒப்பந்தம் அதில் வராது. ஒரு வரியில் இதைச் சொல்லி வைத்தால் எத்தனையோ பேர் ஏமாறாமல் தப்பிப்பார்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு இருக்கும் பழைய உரை ஒன்றின் பெயரே அரும்பதவுரை. உ.வே.சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அதையும் அடியார்க்கு நல்லார் உரையையும் சேர்த்தே வெளியிட்டார். நிலம், வரி சம்பந்தமான சொற்களுக்கும் தொகுப்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கு இந்தியக் கணக்குகளில் இருந்த சொற்கள் விளங்கவில்லை. வில்சன் என்ற அறிஞர் தமிழ் உட்படப் பல மொழிகளின் நீதி, வருவாய்ச் சொற்களைத் திரட்டி 1855-ல் பெரிய புத்தகமாகப் போட்டார். ஆண்டவர்களுக்கே தேவைப்பட்டது என்றால் நாம் கேட்பதில் என்ன வெட்கம்?

நல்ல அருஞ்சொற்பொருளுக்கு என் கணக்கில் மூன்று லட்சணம். முதலாவது, எழுதுபவருக்குப் பிடித்த சொல் அல்ல, படிப்பவர் தடுக்கி விழும் சொல் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, விளக்கம் அந்தச் சொல்லைவிட எளிதாக இருக்க வேண்டும். "விக்கிரயம் – கிரயம்" என்று போட்டால் பாதிப் பேருக்கு இரண்டுமே தெரியாது. "விற்பது" என்று போட வேண்டும். மூன்றாவது, முடிந்தால் ஓர் உதாரணமோ கணக்கோ வேண்டும்.

மாதிரிக்குச் சில சொல்கிறேன்.

௸ – மேற்படி. முன்பு சொன்ன அதே ஆள் அல்லது சொத்து.

பசலி – ஜூலை 1-ல் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை.

கிரவுண்டு – 2,400 சதுர அடி. சென்ட் – 435.6 சதுர அடி. 100 சென்ட் ஒரு ஏக்கர்.

பிரிபடாத பாகம் – அடுக்குமாடி நிற்கும் மொத்த மனையில் நம் வீட்டுக்குரிய பங்கு. இது உங்கள் இடம் என்று தனியாகக் கோடு போட்டுக் காட்ட முடியாது.

இனி நம் புத்தகத்துக்கு வருகிறேன். போன கூட்டத்தில் கார்பஸ் நிதியை உயர்த்தத் தீர்மானம் வந்தது. நான் உட்பட எல்லோரும் கை தூக்கினோம். கூட்டம் முடிந்து லிஃப்டில் போகும்போது ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்: "சார், வீட்டை வித்தா இந்தப் பணம் நமக்குத் திரும்ப வருமா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கார்பஸ் நிதி என்றால் பெரிய செலவுகளுக்காகச் சேர்த்து வைக்கும் வைப்புப் பணம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். அவர் கேட்டது அதுவல்ல. நம் சங்கத்தில் அது எதற்குச் செலவாகும், விற்றால் யாருக்குப் போகும் என்பதைத்தான் கேட்டார். அந்தப் பதிலை எழுத உட்கார்ந்தால், நம் விதியே அந்த இடத்தில் தெளிவாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அருஞ்சொற்பொருள் வக்கீலுக்கு மாற்று இல்லை. ஆனால் வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அது நமக்குக் காட்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். விதிமுறைப் புத்தகத்தை இந்த வாரம் ஒருமுறை புரட்டுங்கள். புரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள். அதை ஒரு சீட்டில் எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டாம். லிஃப்டில் கேட்ட அந்த அம்மாவின் கேள்வியை முதல் சீட்டாக நானே எழுதிப் போட்டுவிட்டேன்.