மாதவி ஆடிய மேடையும் எங்கள் கணக்கும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பூம்புகார் பகுதித் தையல் குழு ஊக்குநர் பேசியது)



நாங்கள் ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைக்கிற 10 பேர். பிள்ளைகள் போடும் சிலப்பதிகார நாடகத்துக்கு மேடையும் உடையும் கேட்டார்கள். பயந்துகொண்டேதான் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம்.

மேடை அளவுக்கு எங்கே போவது? தமிழ் டீச்சர் ஒருத்தர், "நம்ம ஊர்க் கதையிலேயே இருக்கேம்மா" என்றார். மாதவி புகாரில் முதலில் ஆடிய அரங்கை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அளந்தே சொல்கிறார். 24 விரல் ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8, உயரம் 1. இரண்டு வாசல். திரை மூன்று வகை: ஒரு பக்கம் இழுப்பது, இரு பக்கமிருந்து வந்து சேர்வது, மேலேயிருந்து இறங்குவது.

கட்டைவிரலை வைத்து அளந்தோம். எங்கள் விரலுக்கு ஒரு கோல் ஒன்றரை அடிதான். அதில் 30 பிள்ளைகள் எங்கே நிற்பது! கோலை 3 அடியாக்கி, 21க்கு 24 அடியில் போட்டோம். பார்வைக்கு அமைப்பு மாறவில்லை.

தூண் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் விளக்கு வைக்கணும் என்றும் அதில் இருக்கு. நாங்கள் கவனிக்கலை. ஒத்திகையில் மூங்கில் நிழல் கண்ணகி முகத்தில் குறுக்கே விழுந்தது. அப்புறம்தான் விளக்கைத் தூணுக்கு முன்னால் நகர்த்தினோம்.

உடையில் ஒரு சண்டை. கோவலன் பிரிந்திருந்தபோது கண்ணகி தாலி தவிர நகை போடவில்லை. அதனால் அவளுக்கு வெறும் பருத்திச் சேலை, மாதவிக்கு ஜிகினா. "கதாநாயகிக்கு இந்தச் சேலையா?" என்று அந்தப் பிள்ளையின் அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

சிலம்புதான் பெரும்பாடு. பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, கண்ணகி சிலம்பில் மாணிக்கம். கடைசி வரிசைக்கும் சிவப்பு தெரியணும். காகிதக் கூழில் இரண்டு பாதி செய்து, சிவப்புக் கண்ணாடி மணி நிரப்பி, மைதாப் பசையால் ஒட்டினோம். நன்றாக ஒட்டினால் உடையாது, லேசாக ஒட்டினால் கையிலேயே பிளக்குது. அதனால் மூன்றாகச் செய்து வைத்தோம். நாடகத்தன்று ஓங்கிப் போட்டாள் பாருங்க, மணி பொறுக்கச் சின்னப் பிள்ளைகள் மேடைக்கே ஓடி வந்துட்டாங்க!

இனி கணக்கு. கைக்கு வந்தது 20,000. கடனும் 300 ரூபாய் வட்டியும் போக மீதி 4,700. 10 பேர், 10 ராத்திரி. ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 47 ரூபாய். குறை யார்மேலும் இல்லை. துணிக்கும் மூங்கிலுக்கும் விலை சொன்னோம், கூலியைச் சொல்லவே கூச்சப்பட்டோம்.

இப்போது பக்கத்து ஊரிலும் கேட்டிருக்கிறார்கள். கூலியையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை. உடைகள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கு.