எந்தக் கைகேயியைத் திட்டுகிறீர்கள்?



மாலையிலிருந்து இந்த மேடையில் கைகேயியைப் பற்றித்தான் பேச்சு. பேராசை பிடித்தவள் என்றார் ஒருவர். கணவனைக் கொன்றவள் என்றார் அடுத்தவர். மூன்றாவதாக வந்தவர், எல்லாம் தேவர்கள் செய்த வேலை, அவளைக் குறை சொல்லி என்ன பயன் என்று இரக்கத்தோடு முடித்தார். மூவருக்கும் கைதட்டினீர்கள். நான் அந்த மூவரோடும் வழக்காடத்தான் எழுந்திருக்கிறேன்.

எந்தக் கைகேயியைப் பற்றிப் பேசினார்கள்? வால்மீகி படைத்தவளா, கம்பன் படைத்தவளா, தொலைக்காட்சியில் பார்த்தவளா? செய்த செயல் பெரும்பாலான நூல்களில் ஒன்றுதான்: இரண்டு வரம் கேட்டாள், மகனுக்கு நாடு, மாற்றாள் மகனுக்குக் காடு. ஏன் கேட்டாள் என்ற இடத்தில்தான் புலவர்கள் பிரிகிறார்கள். அந்த 'ஏன்'தான் ஒவ்வொரு புலவனும் தன் நெஞ்சிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தது. அதைக் குழப்பிவிட்டு அவளுக்குத் தீர்ப்பு எழுத நமக்கு என்ன உரிமை?

வால்மீகியிடம் போங்கள். அங்கே அவளை ஆட்டுவது அச்சம். கோசலை அரசமாதா ஆனால் நீ அவளுக்குப் பணிப்பெண், உன் மகனுக்கு நாடுகடத்தலோ மரணமோ என்கிறாள் கூனி மந்தரை. வெறும் பிதற்றலா அது? தசரதன் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். பரதன் ஊரில் இல்லாத இந்த வேளையே முடிசூட ஏற்ற வேளை என்று அவனே இராமனிடம் சொல்கிறான். கேகய மன்னனுக்கு அழைப்பு இல்லை. அவசரம், பிறகு கேட்டு மகிழட்டும் என்று விட்டுவிடுகிறான். சம்பந்தி சனகனுக்கும் அப்படியே. கைகேயியை மணந்தபோது அவள் தந்தைக்கு அரசையே கன்யாசுல்கமாக, அதாவது பெண்ணுக்கு ஈடாகத் தரும் பொருளாக, வாக்களித்த செய்தியைப் பிற்பாடு சித்திரகூடத்தில் பரதனிடம் சொல்பவன் வேறு யாருமல்ல, இராமன்! இத்தனையும் ஒரே காண்டத்தில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு 'பேராசை' என்ற ஒரே சொல்லில் கணக்கை முடிப்பவர் எதைப் படித்தார்?

இன்னொன்றும் அங்கே உண்டு; மேடைகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. பறவைகளின் பேச்சை அறிந்தவன் கேகய மன்னன். ஒருநாள் பறவையின் பேச்சைக் கேட்டுச் சிரித்தான். காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அரசி பிடிவாதம் பிடித்தாள். சொன்னால் அவன் உயிர் போகும். அவளை அரண்மனையை விட்டே விரட்டினான். அந்த அரசிதான் கைகேயியின் தாய். 'தாயைப் போலத்தானே மகள்' என்று ஏசுவதற்காக அமைச்சன் சுமந்திரன் இந்தக் கதையை எடுக்கிறான். எனக்கு இது வேறு விதமாகக் கேட்கிறது. அரசன் மனம் மாறினால் அரசி ஒருத்தி தெருவுக்கு வந்துவிடுவாள் என்பதைத் தன் தாயின் வாழ்விலேயே கண்ட பெண் அவள். பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்தவள் மந்தரை. அந்த இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து 'நாளை நம் கதி என்ன' என்று பேசினால் அதில் என்ன அச்சம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இப்படி வால்மீகி எழுதவில்லை. நான்தான் பொருள் கொள்கிறேன். ஆனால் நூலில் உள்ள செய்தியின் மேல் நின்று பொருள் கொள்கிறேன்.

வடமொழி நாடகாசிரியன் பாசன் இயற்றியதாகச் சொல்லப்படும் 'பிரதிமா' நாடகத்துக்கு வாருங்கள். கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் 1912 முதல் அச்சிட்ட நாடக வரிசையில் வந்தது. மகனைப் பிரிந்து சாவாய் என்று தசரதனுக்கு முனிவன் இட்ட சாபம் பலிக்க வேண்டும். அது இராமன் உயிரைக் குடிக்காமல் வெறும் பிரிவோடு போகட்டும் என்றுதான் அவனைக் காட்டுக்கு அனுப்பினேன் என்கிறாள் அந்தக் கைகேயி. 14 நாள் என்று சொல்ல வந்தவள் கலக்கத்தில் 14 ஆண்டு என்று சொல்லிவிட்டாளாம்! நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நாடகத்தில் பரதனே அதைக் கேட்டு மனம் ஆறுகிறான். அத்யாத்ம ராமாயணத்திலோ தேவர்கள் சரஸ்வதியை ஏவுகிறார்கள். அவள் மந்தரைக்குள்ளும் கைகேயிக்குள்ளும் புகுந்து மனத்தைத் திருப்புகிறாள்.

இப்போது நம் கம்பன். 'தேவர்கள் செய்த வேலை' என்ற நண்பர் கம்பனைத்தான் சாட்சிக்கு அழைத்தார். தேவர்களின் மாயையால் அவள் தூய மனம் திரிந்தது என்று கம்பன் பாடியது உண்மை. அந்தப் பாட்டு எங்கே வருகிறது? மந்தரை சூழ்ச்சிப் படலத்தில், மந்தரை பேசி முடித்த பிறகு! பாட்டே, தீய மந்தரை இப்படிச் சொன்னதும் என்றுதான் தொடங்குகிறது. மாயை ஒன்றே போதும் என்றால், அதற்கு முன் அத்தனை பாட்டுகளில் மந்தரையைப் பேசவைத்தது எதற்கு?

அவள் பேசியதைக் கவனியுங்கள். முடிசூட்டுச் செய்தியைக் கேட்டதும் கைகேயி மகிழ்ந்து மாலை பரிசளித்தாள். மந்தரை அதை வீசி எறிந்தாள். சிறுவன் இராமன் தன் கூனில் உண்டை எறிந்த பழைய பகையை மந்தரைக்குக் கொடுத்தவன் கம்பன். வால்மீகியில் அது இல்லை. மந்தரை முதலில் பரதன் நிலையைச் சொன்னாள். கைகேயி கடிந்து விரட்டினாள். பிறகு கணையை மாற்றுகிறாள் மந்தரை. உன்னிடம் வறியவர் வந்து கை நீட்டினால் கோசலையிடம் போய் வாங்கித் தருவாயா என்கிறாள். உன் தந்தைக்குப் பகைவர் உண்டு, உன் கணவனுக்கு அஞ்சித்தான் சனகன் அவரைத் தாக்காமல் இருக்கிறான், அவனே இராமனுக்கு மாமனாராகிவிட்டான், இனி உன் தந்தைக்கு வாழ்வு ஏது என்கிறாள். தாய்மார்களே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. புகுந்த வீட்டில் தன் கை தாழ்ந்தால் பிறந்த வீட்டின் கதி என்ன என்ற கவலை அது. மகனைச் சொன்னபோது கலங்காதவளைத் தந்தையைச் சொல்லிக் கலக்குகிறாள். மனித மனத்தை இவ்வளவு நுட்பமாக எழுதிய பிறகே கம்பன் தேவர்களை அழைக்கிறான். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறான். ஒன்றைக் கிழித்தெடுத்து மேடையேற்றுவது கம்பனுக்குச் செய்யும் அநியாயம். அவளைத் தேவர்களின் பொம்மையாக்கினால் அவளிடம் மன்னிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

நம் நாட்டில் இதைச் சிந்தித்தவர்கள் இல்லாமல் போகவில்லை. 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்று நூல் எழுதினார் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1943-இல் சேலத்தில் அண்ணாவுக்கு எதிரே நின்று கம்பனுக்காக வாதாடிய அதே நாவலர்! மறுகரையில் பெரியார், அதே கன்யாசுல்கத்தைச் சுட்டித் தசரதனையும் இராமனையும் கூண்டில் ஏற்றினார். கம்பனைப் போற்றியவரும் இராமாயணத்தை எதிர்த்தவரும் நூலைத் திறந்து ஆதாரம் காட்டிச் சண்டையிட்டார்கள். பெரியாரின் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மரியாதையை நூலுக்கு அவர் தந்தார். இன்று நாமோ கம்பன் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு, வால்மீகியின் அரண்மனையில் நின்று, 1987-இல் தூர்தர்ஷனில் பார்த்த முகத்தைத் திட்டுகிறோம்.

கடைசியாக, யுத்த காண்டத்தின் மீட்சிப் படலம். போர் முடிந்தது. வானிலிருந்து வந்த தசரதன் வரம் கேள் என்கிறான். தீயவள் என்று நீ துறந்தவளையும் அவள் மகனையும் எனக்குத் தாயாகவும் தம்பியாகவும் திருப்பித் தா என்று கேட்கிறான் இராமன். அவளைத் தன் தெய்வம் என்றே சொல்கிறான். பரதனை விடு, அந்தப் பாவி மேல் என் சினம் போகாது என்கிறான் தசரதன். இராமன் விடவில்லை. அரசு தீமைக்கு வித்து என்று எண்ணாமல் அதை ஏற்க இசைந்தேனே, பிழைத்தவன் நான், என்னைப் பெற்ற தாய் என்ன பிழை செய்தாள் என்று எதிர்வாதம் செய்கிறான். அதைக் கேட்ட பிறகு தசரதன் சினம் தணிகிறது. கைகேயியால் உயிரையே இழந்தவன் விட்டுவிட்ட சினத்தை, ஐயா, கம்பன் பேரால் கூடிய இந்தப் பந்தலில் நீங்கள் எதற்காகத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?