இரண்டு கோடியில் ஒரு ரூபாய்: நம் போர் தண்ணீரும் பரிசோதனையும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் போர் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் இருக்கிறது. "டி.டி.எஸ். மீட்டர்தான் இருக்கிறதே, இதற்குத் தனிச் செலவு எதற்கு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

நான் வேதியியல் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் கணக்கு எழுதியவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன். டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுகிறது. அது பாஸ்புக்கின் கடைசி வரி மாதிரி. இருப்பு எவ்வளவு என்று தெரியும். எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி ஒரு லிட்டரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈயம் 0.01, பாதரசம் 0.001. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே குரோமியத்தின் எல்லை இரண்டு கோடி ரூபாயில் ஒரு ரூபாய். ஈயத்துக்குப் பத்துக் கோடியில் ஒரு ரூபாய். பாதரசத்துக்கு நூறு கோடியில் ஒரு ரூபாய். 500 காட்டும் மீட்டர் இந்த ஒரு ரூபாய்க்கு அசையாது. நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் ஆவியாகிப் போகாது.

இது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. நமக்கு வடக்கே ராணிப்பேட்டையில், 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அந்தக் குரோமியம் இங்கே வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அளவு மிக அதிகமானால் தண்ணீர் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும். எல்லையை ஒட்டி இருக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஒரு வழி நிறம். அமிலம் சேர்த்த தண்ணீரில் டைஃபீனைல்கார்பசைடு என்ற மருந்தை விட்டால், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், அதாவது அதிக நச்சுள்ள வகை, ஊதா கலந்த சிவப்பாக மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து சொல்லும். இன்னொரு வழி ஒளி. சாம்பார் பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் தீ மஞ்சளாகிறதே, அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனி நிறம், ஒரு கையெழுத்து மாதிரி. 1860-இல் ஜெர்மனியில் புன்சனும் கிர்ச்சாஃபும் ஒரு ஊற்று நீரில் சீசியத்தை இப்படித்தான் கண்டார்கள். அதைச் சில கிராம் பிரித்தெடுக்க நாற்பதாயிரம் லிட்டருக்கு மேல் நீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. 1950-களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் இதையே திருப்பிப் போட்டார். தனிமத்துக்குரிய ஒளியைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார். அதுதான் இன்று ஆய்வகங்களில் உள்ள அணு உறிஞ்சல் கருவி.

இனி நம் ஊர் விஷயம். பட்டுக்குப் போடும் சாயங்களில் உலோகக் கலப்புச் சாயம் என்று ஒரு வகை உண்டு. குரோமியமோ கோபால்ட்டோ அதில் சேர்ந்திருக்கும். இதைக் கேட்டதும் சாயப் பட்டறைக்காரர்களைக் கை காட்டிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். எண் இல்லாமல் பேசினால் அது வதந்தி. எண் கையில் இருந்தால்தான் அவர்களுக்கும் நியாயம், நமக்கும் நியாயம்.

தீர்மானத்தை ஆதரிப்பீர்களானால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகமோ, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகமோ, "தண்ணீர் டெஸ்ட்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மொத்தக் குரோமியம், ஈயம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு, மாதிரி எடுக்கும் பாட்டிலை ஆய்வகத்திலேயே வாங்கி, மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, டேங்குக்குப் போகும் முன் பிடியுங்கள். மூன்று, அறிக்கையில் "கண்டறியும் வரம்புக்குக் கீழ்" என்று வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரம்பு எத்தனை என்று கேளுங்கள். 0.1-க்குக் கீழே பார்க்க முடியாத கருவி, 0.05 எல்லைக்குச் சான்றிதழ் தர முடியாது. பைசா தெரியாத தராசில் தங்கம் நிறுப்போமா?

ஒரு பிளாட்டுக்கு வரும் பங்கு பெரிய தொகை அல்ல. அறிக்கை நல்லதாக வந்தாலும் வீண் செலவு இல்லை. அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அதுவே நம் தொடக்க இருப்பு. கைதூக்கும் முன் உங்கள் வீட்டுக் குழந்தைகள் தினமும் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.