சிறார்க்குப் பொங்கலைக் கற்பித்தல்



நம் ஞாயிறு வகுப்பிற் பொங்கலைக் கற்பிப்போர் மகர ராசியிலிருந்து தொடங்குகின்றனர். எட்டு வயதுக் குழந்தைக்கு ராசி எதற்கு? நெற்கதிர் ஒன்றைக் கையிற் கொடுங்கள். உமியை நகத்தால் உரித்து அரிசியைக் காணட்டும்.

தில்லியைச் சுற்றித் தையில் கோதுமை பச்சைப் பயிராகவே நிற்கிறது. அறுவடை சித்திரையை ஒட்டித்தான். "விளையாத போது அறுவடை விழாவா?" என்று பிள்ளை கேட்பது நியாயமே. காவிரிக் கரையில் ஆவணியில் விதைத்த சம்பா தையிற் களம் சேர்வதைச் சொல்லுங்கள். நாம் காலையிற் போகித் தீ மூட்டும் நாளையொட்டி மாலையில், அண்டை வீட்டுப் பஞ்சாபிக் குழந்தை லோஹ்ரித் தீயில் எள்ளும் பொரியும் இடுகிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் எழுத்தே அறியார். ஆயினும் பானை பொங்குகையில் கூவும் சொல்லை இந்தியில் பெயர்த்துக் கொடுக்க வேண்டா, தமிழிலேயே கூவட்டும்.