கருமுட்டைச் சந்தையும் அரசின் கடமையும்
(நாகலாபுரம் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



16 வயதுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை, 2022 ஜூனில் ஈரோட்டில் வெளிவந்தது. போலி ஆதாரில் அவள் வயதைக் கூட்டியிருந்தார்கள். தமிழக அரசின் விசாரணை ஈரோடு, சேலத்தோடு நிற்கவில்லை. நமது திருப்பதி வரை நீண்டது.

அவ்வாண்டு ஜனவரியில்தான் செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கருமுட்டை வழங்குபவர் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராக இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் வழங்கலாம் என்கிறது அது. சட்டம் ஏட்டில் இருக்க, சிகிச்சையோ பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. வசதியுள்ளோர் வாங்குகின்றனர், வறியவள் விற்கிறாள், இடைப்பட்ட குடும்பம் நகையை அடகு வைக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் இச்சிகிச்சையை ஏற்பதில்லை.

உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையை எதிர்கொள்வதாக உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. காரணம் ஆணிடமும் இருக்கலாம். ஊரார் பழிப்பதோ பெண்ணை மட்டுமே. பிறப்புறுப்பைத் தாக்கும் காசநோயும், பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பின் கவனிக்காமல் விட்ட கிருமித்தொற்றும் கருக்குழாயை அடைத்துவிடுகின்றன. காலத்தில் கண்டறிந்தால் இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம். நல்ல பிரசவ கவனிப்பே அடுத்த கருவுக்கும் காவல்.

ஆகவே, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். கிராமப்புற ஏழைப் பெண்களின் நோய்களை ஆராய அரசு நிதி வேண்டும். தாய்மையை விலைபேசும் சந்தைக்கு எதிராக ஒன்றுபட்டுப் போராடுவோம்!