ஒரு பக்கம் மிதி, மறு பக்கம் மோட்டார்

(கிளைக் கூட்டத்தில் ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நம் தோட்டத் தலைவர் அண்ணன் கேட்டார்: "டீச்சர், சந்தாக் காசுல கரண்ட் சைக்கிள் செய்யணுமா? கடையில ரெடியாவே இருக்கே?" நியாயமான கேள்வி. சந்தா உங்கள் சம்பளத்தில் பிடிபடுகிற காசு. அதற்குக் கணக்குச் சொல்வது என் கடமை.

2022இல் பெற்றோல் கியூவில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திரீவீல் ஓடவில்லை. மேல் டிவிஷனிலிருந்து மருந்து வாங்கப் போய் வர அரை நாள். அன்றைக்குப் பேரும் இல்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் சிலரும், கராஜில் வேலை செய்த தம்பி ஒருவரும், நானும் சேர்ந்து ஒரு பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டினோம்.

முதல் வண்டி தோற்றுப்போனது. முன் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற வகை அது. சமதரையில் அருமையாக ஓடியது. நம் ரோட்டில்? ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போய்விடும், முன் சக்கரம் சல்லிக்கல்லில் சும்மா சுற்றும். மெதுவாக ஏறினால் கரண்ட் எல்லாம் சூடாகப் போகும், மோட்டாரைத் தொட முடியாது. ஒருநாள் பின்னேரம் அந்த மோட்டாரின் அச்சு, முன் கவட்டை அகட்டிக்கொண்டு சுழன்று வயரை அறுத்துவிட்டது. அச்சைத் திரும்பாமல் பிடித்து வைக்க ஒரு இரும்புத் தகடு போட வேண்டும். நான் போடவில்லை. பிழை என்னுடையது.

ஆனால் ஒன்று. செத்த மோட்டாரோடு, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். மிதிக்கிற செயினுக்கும் மோட்டாருக்கும் சம்பந்தம் இல்லாததால்தான் அது முடிந்தது. இரண்டாவது வண்டியிலும் அந்த ஒன்றை மட்டும் விடக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

இரண்டாவது வண்டியில் வலப்பக்கம் வழக்கமான மிதிச் செயின். இடப்பக்கம் மோட்டாருக்குத் தனிச் செயின். டிஸ்க் பிரேக் பூட்டுவதற்கு ஆறு போல்ட் துளை உள்ள பின் சக்கரம் ஒன்று கிடைத்தது. அந்த இடத்தில் 33 பல் சக்கரத்தைப் பூட்டினோம். 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார். அதன் முனையில் 11 பல், பிரீவீலோடு. சைக்கிளின் சாதாரண பிரீவீலை அப்படியே இடப்பக்கம் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். அது பிடிக்க வேண்டிய திசையில் வழுக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது!

மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் சக்கரம் 100 சுற்று. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 2 மீற்றர் போகும். மணிக்கு 12 கிலோமீற்றர். 22 பல் போட்டால் 18 வரும், ஆனால் மலையில் முனகும். பையன்களுக்கு 18தான் ஆசை. நான் விடவில்லை.

ஆளும் வண்டியும் சாமானும் 100 கிலோ என்று வையுங்கள். 10 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறுகிற ரோட்டில் மணிக்கு 10 கிலோமீற்றர் போக ஏறத்தாழ 300 வாட் வேண்டும். நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்த கால் 75 வாட் கொடுத்தாலே பெரிது. மீதியை மோட்டார் கொடுக்கும். மோட்டார் நின்றால் மிதித்தோ தள்ளியோ வரலாம். மிதிச் செயின் அறுந்தால் மோட்டார் கொண்டுவரும். கடை வண்டிகளில் மிதிக்கிற இடத்திலேயே மோட்டார் வைத்த வகை இருக்கிறது. கியர் உதவி கிடைப்பதால் மலைக்கு அது நல்லது, மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பலமும் ஒரே செயினில் போகிறது. செயின் சீக்கிரம் தேயும், அறுந்தால் இரண்டும் போச்சு.

பெட்டரி விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈயப் பெட்டரி இரண்டு. மொத்தம் 288 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். 100 கிலோவை 200 மீற்றர் உயரத்துக்குத் தூக்க 55 வாட்-மணி, சூடாகப் போவதையும் சேர்த்தால் 90 ஆகும். அதனால் ஒரு ஏற்றத்துக்கு மேல் நம்ப வேண்டாம். "இறங்கும்போது சார்ஜ் ஏறுமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். ஏறாது. பிரீவீல் இருப்பதால் இறக்கத்தில் மோட்டார் சுற்றுவதே இல்லை.

லயக் காம்பராவுக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது. ஈயப் பெட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கிற வாயு வரும். லித்தியம் பெட்டரியில் பிழை வந்தால் அணைப்பதே கஷ்டம். ஒரு காம்பராவில் தீ என்றால் வரிசையே போகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் சங்கக் கந்தோரில், ஜன்னலைத் திறந்து வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும். பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்க ஒரு சுவிட்ச். பின் டிஸ்க் இடத்தைப் பல்சக்கரம் எடுத்துக்கொண்டதால் ரிம் பிரேக்தான். மழையில் அது முதலில் வழுக்கும், இறக்கத்தில் முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது மருந்து, கடிதம், மாவு கொண்டுவருகிற வண்டி. நோயாளியை ஏற்றுகிற வண்டி அல்ல. பிள்ளைத்தாய்ச்சியைக் கொழுந்து லொறியில் ஏற்றாதே, ஒழுங்கான வாகனம் கொடு என்று நிர்வாகத்திடம் கேட்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. "உங்களுக்குத்தான் கரண்ட் சைக்கிள் இருக்கே" என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல நான் வருகிறேன்.

பெரிய ரோட்டில் இறக்குமுன் பதிவு தேவையா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்போம். அதுவரை தோட்ட ரோட்டில் மட்டும்.

கிளை சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட விறாந்தையில் வேலை தொடங்கும். பழைய பிரேம், பழைய செயின் இருந்தால் கொண்டுவாருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். இரண்டாவது வண்டியில் இரண்டு செயினையும் அளந்து வெட்டியது தரம் பத்துப் பிள்ளை ஒருத்திதான். 15ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று எங்களிடம் இல்லை. யாராவது இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.